தாத்தா போட்டோ எங்கே?

குழு: அம்மாப்பேட்டை வீடு
சனிக்கிழமை

ராஜு பெரியப்பா (காலை 8:41): எல்லாருக்கும் வணக்கம் 🙏 திங்கட்கிழமை அப்பாவுக்கு முதலாண்டு திதி. பேனர் கடைக்காரர் இன்று மதியம் 2 மணிக்குள் போட்டோ கொடுத்தால்தான் நாளை கைக்கு வரும் என்கிறார். கார்த்தி, அந்த ஏற்காடு போட்டோவை அனுப்பு. குரூப்பில் போட்டது பெரிசாக்கினால் கட்டம் கட்டமாக வருகிறதாம்.

கார்த்தி: வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருக்கித்தான் அனுப்பும் பெரியப்பா. ஒரிஜினல் நம் வீட்டு சர்வரில் இருக்கிறது, டாக்குமெண்டாக அனுப்புகிறேன். 5 நிமிடம்.

திவ்யா: 👍

செல்வம் மாமா: 5 நிமிடமா. எழுதி வைத்துக்கொள்கிறேன்.

சாந்தி அத்தை: எந்த ஏற்காடு போட்டோ?

கார்த்தி (8:58): சர்வர் திறக்கவில்லை. அம்மா, ஃபிரிட்ஜ் பக்கத்தில் இருக்கிற கறுப்பு கம்ப்யூட்டரில் விளக்கு எரிகிறதா?

அம்மா: எரிகிறது. நேற்று காலை 9 மணிக்குப் போன கரண்ட் 5 மணிக்குத்தான் வந்தது. மாதாமாதம் நிறுத்துவார்களே.

கார்த்தி: அதுதான். யுபிஎஸ் 20 நிமிடம்தான் தாங்கும். கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகியிருக்கும், ஆனால் முழுசாக எழுந்திருக்கவில்லை. நான் ஓசூரில் ஷிப்டில் இருக்கிறேன். விக்கி, சூரமங்கலத்தில்தானே இருக்கிறாய்? வீட்டுக்குப் போய் அதை டிவியில் மாட்டு.

விக்கி: இப்பதான் எழுந்தேன் அண்ணா

ராஜு பெரியப்பா: கிளம்பு. வரும்போது தட்டுவடை செட்டு வாங்கி வா.

திவ்யா: காலை 9 மணிக்கு எந்தக் கடை திறந்திருக்கும் அப்பா

செல்வம் மாமா: மாப்பிள்ளை, இதே ஆள்தானே என் லேப்டாப்பிலும் கை வைத்தது. விண்டோஸ் போய் ஏதோ புதினா வந்தது. மிளகுக் கணக்கு பார்க்கிற சாஃப்ட்வேர் ஓடவில்லை.

கார்த்தி: மாமா, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு இலவச அப்டேட் முடிந்துவிட்டது. உங்கள் லேப்டாப் 11ஐத் தாங்காது. அதனால்தான் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்கிற இலவச சிஸ்டம் போட்டேன். உங்களைக் கேட்டுத்தான் போட்டேன்.

செல்வம் மாமா: சரி என்று சொன்னேன். புரிந்தது என்று சொல்லவில்லை.

விக்கி (9:52): வந்துட்டேன். டிவியில் கறுப்பு ஸ்கிரீன், வெள்ளை எழுத்து. எமர்ஜென்சி மோட் என்று இருக்கிறது. ரூட் பாஸ்வேர்ட் கேட்கிறது.

ராஜு பெரியப்பா: எமர்ஜென்சியா? கரண்ட்டை நிறுத்து முதலில்

கார்த்தி: வேண்டாம் வேண்டாம். பயப்பட ஒன்றும் இல்லை. பாஸ்வேர்டைத் தனியாக அனுப்பியிருக்கிறேன் விக்கி.

விக்கி: கீபோர்டு வேலை செய்யவில்லை அண்ணா. அடித்தால் ஒன்றுமே வரவில்லை.

கார்த்தி: வராது. சர்வரும் லினக்ஸ்தான், அதில் இந்த மாதிரிக் கறுப்பு ஸ்கிரீனில் பாஸ்வேர்டு அடிக்கும்போது நட்சத்திரக் குறிகூட விழாது. கண்ணை மூடிக்கொண்டு அடித்து என்டர் தட்டு.

விக்கி: ஆ. உள்ளே போய்விட்டது.

கார்த்தி: அம்மா, சர்வருக்குப் பக்கத்தில் தனியாக ஒரு டிஸ்க், செங்கல் மாதிரி, அதில் விளக்கு எரிகிறதா?

அம்மா: அதில் விளக்கு எரிந்தே ஒரு மாதம் ஆகிறது. அதன் அடாப்டரை விக்கிதானே கொண்டுபோனான், அவர்கள் வீட்டு வைஃபைக்கு.

விக்கி: அண்ணா அது சும்மா கிடந்தது என்று நினைத்தேன். 12 வோல்ட், பின்னும் பொருந்தியது.

ராஜு பெரியப்பா: நம் வீட்டு வைஃபை அதில்தான் ஓடுகிறதா?

கார்த்தி (10:09): பொறுமையாகப் படியுங்கள். அந்தச் செங்கல்தான் பேக்கப். தினமும் ராத்திரி 2 மணிக்கு எல்லாப் போட்டோவையும் அதில் ஒரு நகல் எடுக்கும். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப் பிடுங்கினால் சர்வர் நிற்காது, நகல் எடுக்க முடியவில்லை என்று எனக்கு மெயில் மட்டும் அனுப்பும், நான் பார்க்கவில்லை, அது என் தப்பு. ஆனால் மறுபடி ஆன் ஆகும்போது எஃப்எஸ்டேப் என்று ஒரு பட்டியலைப் படிக்கும். எந்த டிஸ்க்கை எங்கே மாட்டுவது என்று அதில் வரிசையாக எழுதியிருக்கும். அதில் ஒன்று வரவில்லை என்றால் ஒன்றரை நிமிடம் காத்திருக்கும், அப்புறமும் வரவில்லை என்றால் அப்படியே உட்கார்ந்துவிடும். திவ்யா நிச்சயத்தில் செல்வம் மாமா வரும்வரை தட்டு மாற்றாமல் நின்றோமே, அதுதான். அந்த வரியில் நோஃபெயில் என்று ஒரு சொல் சேர்த்தால், வராதவரை விட்டுவிட்டு மேலே நடத்திவிடும்.

திவ்யா: அண்ணா 🤦

செல்வம் மாமா: என்னை விட்டுவிட்டு நடத்தியிருக்கலாம் என்கிறாய்.

கார்த்தி: ஐயோ மாமா, உதாரணத்துக்கு

செல்வம் மாமா: அன்று நேரம் மாற்றியதை எனக்கு யார் சொன்னார்கள்? இந்தக் குரூப்பில் போட்டுவிட்டால் ஆச்சா? ஒண்டிக்கடையைத் தாண்டினால் எனக்கு டவர் கிடையாது.

ராஜு பெரியப்பா: போன் செய்தேன் மாப்பிள்ளை. எடுக்கவில்லை.

சாந்தி அத்தை: விடுங்கள். திங்கட்கிழமை நாங்கள் எப்படி இறங்குவது என்று சொல்லுங்கள். கோடை விழாக் கூட்டம், 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி நிற்கிறது.

அம்மா: குப்பனூர் வழியாக வாருங்கள் சாந்தி. ஞாயிறு ராத்திரியே வந்துவிட்டால் நல்லது. மல்கோவா வாங்கி வைத்திருக்கிறேன்.

சாந்தி அத்தை: பார்க்கிறேன் அண்ணி. இவரைக் கேட்க வேண்டும்.

கார்த்தி: விக்கி, நானோ என்று அடித்து (ஃபைலைத் திருத்துகிற புரோகிராம்) ஒரு இடைவெளி விட்டு, நான் தனியாக அனுப்பிய ஃபைல் பெயரை அடி, அந்தப் பட்டியல் திறக்கும். கடைசி வரியில் டிஃபால்ட்ஸ் என்று இருக்கும். அதை ஒட்டி கமா, நோஃபெயில். கண்ட்ரோல் ஓ, என்டர், கண்ட்ரோல் எக்ஸ். அப்புறம் ரீபூட்.

விக்கி (10:31): மறுபடி அதே கறுப்பு ஸ்கிரீன்.

கார்த்தி: அந்த வரியைப் போட்டோ எடுத்து அனுப்பு.

கார்த்தி: கமாவுக்குப் பதில் இடைவெளி விட்டிருக்கிறாய். இடைவெளி விட்டால் அடுத்த கட்டத்துக்குப் போய்விடும், நோஃபெயிலைக் கண்டுகொள்ளாது.

விக்கி: ஒரு கமாவுக்கா

செல்வம் மாமா: பத்திரத்திலும் அப்படித்தான் தம்பி. ஒரு எல்லையை மாற்றி எழுதினால் தோட்டமே போய்விடும்.

ராஜு பெரியப்பா: அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

விக்கி (10:44): வந்துவிட்டது!!

கார்த்தி: எனக்கும் திறக்கிறது. இதோ, 6 எம்பி, டாக்குமெண்டாக. பகோடா பாயின்டில் அரக்குச் சால்வையோடு தாத்தா.

ராஜு பெரியப்பா: அருமை. கடைக்கு அனுப்புகிறேன்.

சாந்தி அத்தை: இந்தப் படம் வேண்டாம்.

திவ்யா: ஏன் அத்தை, சிரிக்கிறாரே

சாந்தி அத்தை: தோட்டத்தைக் கிரயம் பண்ணின அன்று மத்தியானம் எடுத்தது. அந்தச் சால்வையே வாங்கினவர்கள் போர்த்தினது. அவர் சிரிக்கவில்லை, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருக்கிறார்.

அம்மா: தறியில் உட்கார்ந்திருக்கிற படம் ஒன்று இருந்ததே.

கார்த்தி: இருக்கிறது. கறுப்பு வெள்ளை. போன வாரம்தான் ஸ்கேன் செய்தேன். சர்வரைத் தவிர வேறு எங்கும் நகல் கிடையாது, ஒரு மாதமாகத்தான் பேக்கப் ஓடவில்லையே. இருங்கள், முதலில் என் போனுக்கு ஒன்று எடுத்துக்கொள்கிறேன்.

கார்த்தி (11:02): இதோ.

ராஜு பெரியப்பா: முகம் சின்னதாக இருக்கிறது. பேனர் 6க்கு 4. தறிதான் பெரிதாகத் தெரியும்.

சாந்தி அத்தை: தெரியட்டும்.

ராஜு பெரியப்பா: இரண்டையும் கடைக்கு அனுப்பிவிட்டேன். எது நன்றாக வருகிறதோ அதைப் போடச் சொல்கிறேன்.

சாந்தி அத்தை: அண்ணா.

ராஜு பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அப்பா (11:40): தறி

திவ்யா: சித்தப்பா குரூப்பில் பேசிவிட்டார்!

ராஜு பெரியப்பா: சரி, கடைக்காரரிடம் கேட்டுப் பார்க்கிறேன். போன வருஷ வாசகத்தையே போடலாம் என்றால், அந்த ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் நடுநடுவே அரைப்புள்ளியுமாக வருகிறது. கார்த்தி?

கார்த்தி: அது பாமினியில் அடித்தது பெரியப்பா, உங்கள் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லை. கடைக்காரரிடம் இருக்கும், அப்படியே அனுப்புங்கள். விக்கி, இன்று சாயங்காலம் அடாப்டரைக் கொண்டுவந்து மாட்டிவிடு.

விக்கி: அண்ணா 7:30க்கு மேட்ச். நாளைக்கு?

அம்மா: இந்த டிவியிலிருந்து அந்த வயரைப் பிடுங்கலாமா?

கார்த்தி: வயரை மட்டும் அம்மா. வேறு எதையும் தொடாதீர்கள்.

செல்வம் மாமா: குப்பனூர் வழியில் பெட்ரோல் பங்க் உண்டா?