ஒரே நாளில் மந்தமாகிப்போன பழைய எக்ஸ்பி கணினி: என் அனுபவம்

பழைய கணினி ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாவது வேறு. நேற்று வரை ஒழுங்காக ஓடியது இன்று காலையில் ஊர்வது வேறு. முதலாவதற்கு வயதைக் காரணம் சொல்லிவிடலாம். இரண்டாவதில் குறிப்பிட்ட ஏதோ ஒன்று மாறியிருக்கிறது, தேடினால் அது அகப்படும். எங்கள் வீட்டுக் கணினியில் நேர்ந்ததை, ஐடிஇ (பட்டைக் கேபிளால் இணைக்கப்படும் பழைய வகை) ஹார்டு டிஸ்க் உள்ள கணினியை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அப்பா கடைக் கணக்கு எழுதும் மென்பொருளும் அதிலிருந்து ரசீது அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் புதிய கணினிகளோடு ஒத்துப்போகவில்லை என்பதால், விண்டோஸ் எக்ஸ்பி உள்ள பழைய கணினியையே வைத்திருக்கிறோம். எக்ஸ்பிக்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு நின்றுவிட்டதால் அதற்கு இணைய இணைப்பு கிடையாது. ஆயுத பூஜைக்காகக் கேபினட்டைத் திறந்து தூசி தட்டி, பொட்டு வைத்து மூடிய சில வாரங்களுக்குப் பிறகுதான் தொல்லை தொடங்கியது.

கணினி எல்லா நேரத்திலும் மந்தமாக இருக்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஏற்கெனவே திறந்திருக்கும் கோப்பில் தட்டச்சு செய்யும்போது ஒரு குறையும் தெரியாது. ஆனால் புதிதாக ஒரு கோப்பைத் திறந்தாலோ, பென் டிரைவுக்கு எதையாவது நகலெடுத்தாலோ, ஹார்டு டிஸ்க் விளக்கு அணையாமல் எரிய, மவுஸ் குறி வழுக்கிச் செல்லாமல் தத்தித் தத்தித் தாவியது. பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த நாதஸ்வர இசை கரகரத்து விட்டுவிட்டுக் கேட்டது. அதாவது ஹார்டு டிஸ்க்குக்கு வேலை வரும்போது மட்டும் கணினி முழுவதும் மூச்சு முட்டியது.

பார்க்க வந்த சர்வீஸ்காரர் ஐந்து நிமிடத்தில், "வைரஸாத்தான் இருக்கும் சார், ஃபார்மேட் அடிச்சிடலாம்" என்றார். இணையமே இல்லாத கணினிக்கும் பென் டிரைவ் வழியாக வைரஸ் வரக்கூடும் என்பதால் அந்தச் சந்தேகத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. சோதித்துப் பார்த்ததில் எதுவும் அகப்படவில்லை. பிராசஸரின் விசிறி நன்றாகவே சுற்றியது, பயாஸ் காட்டிய வெப்பநிலையும் இயல்பாக இருந்தது. டாஸ்க் மேனேஜரில் எந்த நிரலும் பிராசஸரைப் பெரிதாகப் பிடித்து வைத்திருப்பதாகத் தெரியவில்லை. நினைவகமும் பாதிக்கு மேல் காலியாகவே இருந்தது.

டாஸ்க் மேனேஜர் காட்டாததைப் பிராசஸ் எக்ஸ்புளோரர் என்ற கருவி காட்டியது. வேறொரு கணினியிலிருந்து கொண்டுவந்து அதை ஓடவிட்டு, ஒரு பெரிய கோப்பை நகலெடுத்துக்கொண்டே பார்த்தேன். நிரல்கள் எல்லாம் சும்மா இருக்க, 'ஹார்டுவேர் இன்டரப்ட்ஸ்' (சாதனங்கள் பிராசஸரை இடைமறித்து வேலை கேட்பது) என்ற வரி மட்டும் பிராசஸரின் பெரும்பகுதியை விழுங்கிக்கொண்டிருந்தது. அதன்பின் விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்தபோது, டிஸ்க் உரிய நேரத்தில் பதிலளிக்கவில்லை என்று டிஸ்க்கை இயக்கும் ஏடிஏபிஐ டிரைவர் எழுதிவைத்த சிவப்புக் குறிகள் இருந்தன. அவற்றின் தேதிகள் எல்லாம் ஆயுத பூஜைக்குப் பிந்தியவை.

டிவைஸ் மேனேஜரில் 'பிரைமரி ஐடிஇ சேனல்' (டிஸ்க் இணைந்திருக்கும் தடம்) என்பதன் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பக்கத்தில் இரண்டு வரிகள் உண்டு. மேல் வரியில் 'டிஎம்ஏ இஃப் அவைலபிள்' என்றே இருந்ததால், அதோடு நிறுத்திக்கொள்பவர் எல்லாம் சரியாக இருப்பதாகவே நினைப்பார். ஆனால் அது நாம் கேட்டிருப்பது மட்டுமே. உண்மையில் நடப்பதைச் சொல்லும் கீழ் வரியில் 'பிஐஓ மோடு' என்று இருந்தது. டிஎம்ஏ முறையில் ஹார்டு டிஸ்க்கிலிருந்து வரும் தரவு பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் நேராக நினைவகத்துக்குப் போகும். பிஐஓ முறையிலோ ஒவ்வொரு துண்டையும் பிராசஸரே கையால் அள்ளிப் போட வேண்டும். அதிவேகமான பிஐஓ 4இன் உச்ச வரம்பே நொடிக்கு 16.6 மெகாபைட்தான், எங்கள் டிஸ்க்கின் அல்ட்ரா டிஎம்ஏ 5க்கு அது 100.

இப்படி இறங்குவது எக்ஸ்பியின் வடிவமைப்பிலேயே இருக்கிறது. பரிமாற்றத்தில் காலதாமதப் பிழையோ, தரவு வழியில் சிதைந்ததைக் காட்டும் சிஆர்சி பிழையோ மொத்தம் ஆறு சேர்ந்துவிட்டால் டிரைவர் வேகத்தை ஒரு படி குறைக்கும். பிழைகள் தொடர்ந்தால் படிப்படியாகக் குறைத்துக் கடைசியில் பிஐஓவில் கொண்டுபோய் விட்டுவிடும், தானாக மேலே ஏறாது. தரவு கெடுவதைவிட மெதுவாக வருவதே மேல் என்ற கணக்கு அது. நியாயமான கணக்குதான், ஆனால் திரையில் ஒரு எச்சரிக்கையாவது காட்டியிருக்கலாம்.

கணக்குக் கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி துவக்கியதும், விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டறிந்து அல்ட்ரா டிஎம்ஏ 5க்குத் திரும்பியது. ஆனால் சில நாட்களிலேயே பழைய குருடி கதவைத் திறடி என்றாகிவிட்டது. பிழை உண்டாகும் இடத்தைச் சரிசெய்யாமல் பிழைக் கணக்கை மட்டும் அழித்தால் வேறு என்ன நடக்கும்?

பிழை டிஸ்க்கிலா, கேபிளிலா என்பதற்கு டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவேடு விடை சொன்னது. அதைப் படித்துக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நிரலில் 05, சி5 என்ற வரிகள் மோசமான செக்டர்களைக் (டிஸ்க்கில் தரவு பதியும் சிறு பகுதிகளை) குறிப்பவை, இரண்டும் பூஜ்யம். வழியில் சிதைந்துபோன தரவை எண்ணும் சி7 மட்டும் நூற்றுக்கணக்கில் ஏறியிருந்தது. கேபினட்டைத் திறந்து, 80 கம்பிகள் கொண்ட அந்தப் பட்டைக் கேபிளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, நடுவில் உள்ள சாம்பல் நிற இணைப்பிக்கு அருகில் குறுக்கே வெளிறிய மடிப்புக் கோடு ஒன்று தெரிந்தது. தூசி தட்டி மூடியபோது பக்கத் தகடு அதை அழுத்தி மடித்திருக்கிறது.

சென்னை ரிச்சி தெருவில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் கடையில் இந்தக் கேபிள் கிடைத்தது. வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 40 கம்பிக் கேபிளும் இதே இணைப்பியில் பொருந்தும், ஆனால் அதில் நொடிக்கு 33 மெகாபைட்டுக்கு மேல் வேகம் எடுக்காது. நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு முனை டிஸ்க்குக்கு. மாட்டிய பிறகு சேனலை மறுபடி அன்இன்ஸ்டால் செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் பிஐஓவிலேயே நிற்கும்.

சர்வீஸ்காரர் சொன்னபடி ஃபார்மேட் அடித்திருந்தாலும் கணினி அன்றைக்கு வேகமாகத்தான் ஓடியிருக்கும், ஏனென்றால் புதிதாக நிறுவும்போது பிழைக் கணக்கும் புதிதாகத் தொடங்கும். நாங்களும் வைரஸ் ஒழிந்தது என்று நம்பியிருப்போம். 'ஃபார்மேட் அடித்தும் ஒரு மாதம்தான் தாங்கியது' என்று பலர் சொல்லும் கதைகளில் சில இப்படிப்பட்டவையாகவே இருக்கும் என்பது என் ஊகம்.

ஐடிஇக்குப் பின் வந்த சாட்டா வகை டிஸ்க் வைத்திருப்பவர்களும் முதலில் இந்த மூன்று வரிகளைப் பார்த்துவிடுங்கள். 05 அல்லது சி5 ஏறியிருந்தால் வேறு எதையும் செய்வதற்கு முன் கோப்புகளை நகலெடுங்கள். சி7 மட்டும் ஏறியிருந்தால் கேபிளை மாற்றுங்கள். அந்த எண் கேபிளை மாற்றிய பிறகும் குறையாது, மேலும் ஏறுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் கணினியில் அது இப்போது அசையாமல் நிற்கிறது.