மாணவர்களின் ஆங்கிலப் பேச்சுப் பதிவு கூகுள் ஃபார்மில் ஏறவில்லை, அவசரம்

காரைக்குடி_ஆங்கிலம்:
வணக்கம். இளங்கலை முதலாண்டுக்கு ஆங்கில வாய்மொழித் தேர்வு. பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றி இரண்டு நிமிடம் பேசி, பதிவு செய்து, கூகுள் ஃபார்மில் ஏற்ற வேண்டும். காலையில் நன்றாக வந்துகொண்டிருந்தது. மதியத்துக்கு மேல் ஒருவருக்கும் ஏறவில்லை. நாளை மாலை மதிப்பெண் கொடுத்தாக வேண்டும். என்ன செய்வது?

வளவு:
எங்கேயிருந்து ஏற்றுகிறார்கள்? கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்துப் பழைய வீடுகள் என்றால் சிக்னல்தான். அந்தக் கனத்த சுண்ணாம்புச் சுவருக்குள் இரண்டாம் கட்டுக்குப் போனாலே ஒரு கோடுகூட இருக்காது. முகப்புக்கு வந்து ஏற்றச் சொல்லுங்கள். என் தங்கை மகள் இணைய வகுப்பு முழுக்க வாசல் திண்ணையில் உட்கார்ந்துதான் படித்தாள்.

ஒலிப்பெட்டி:
ஏறவில்லை என்றால் திரையில் என்ன வருகிறது சார்? ஃபார்மே திறக்கவில்லையா, கோப்பைச் சேர்க்கும் இடத்தில் சுற்றிக்கொண்டே நிற்கிறதா? ஃபார்ம் உங்கள் சொந்த ஜிமெயிலிலா, கல்லூரிக் கணக்கிலா?

தேவகோட்டை_டீச்சர்:
எனக்குத் தெரிந்து இது கணக்குச் சிக்கல். கோப்பு ஏற்றும் கேள்வி இருந்தால் கூகுள் கணக்கில் நுழைந்தே ஆக வேண்டும். எங்கள் பிள்ளைகள் பலர் அப்பா போனை வாங்கித்தான் அனுப்புவார்கள். அதில் யார் கணக்கு, கடவுச்சொல் என்ன என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

மூத்தவர்:
எந்தக் கருவியையும் இரண்டு பேரை வைத்து வெள்ளோட்டம் பார்க்காமல் வகுப்புக்குக் கொண்டுபோகக் கூடாது. இது அரிச்சுவடி. இதை மதிப்பெண் கொடுப்பதற்கு முந்தின நாள் கேட்பதில் பயனில்லை. மூடில் (Moodle) என்ற இணைய வகுப்பு மென்பொருளை வைத்திருந்தால் இந்த வம்பே கிடையாது. எழுதும் பெட்டியிலேயே மைக் பொத்தான் இருக்கிறது, அமைப்பை மாற்றாவிட்டால் 2 நிமிடத்தில் தானாக நிற்கும். பலமுறை சொல்லியாயிற்று.

வளவு:
மூடிலுக்கு சர்வர் வேண்டாமா ஐயா? அதை யார் பராமரிப்பது? அவர் தனி ஆளாகச் செய்கிறார்.

காரைக்குடி_ஆங்கிலம்:
சிக்னல் காரணம் இல்லை, விடுதிப் பிள்ளைகளுக்கும் இதேதான். இப்போது திறந்தால் பதில்கள் ஏற்கப்படவில்லை என்று வருகிறது. என் சொந்த ஜிமெயில். அறுபது பேரில் பத்துப் பன்னிரண்டு பேர் அனுப்பிவிட்டார்கள்.

ஒலிப்பெட்டி:
வந்தவை ஆடியோவா, வீடியோவா?

காரைக்குடி_ஆங்கிலம்:
ரெண்டும். கோப்பு அளவை 1 ஜிபி என்று வைத்திருந்தேன்.

ஒலிப்பெட்டி:
அதுதான் சார். நீங்கள் வைத்தது ஒரு கோப்பின் அளவு. ஃபார்ம் முழுவதற்கும் தனியாக ஒரு வரம்பு உண்டு, தொடக்கத்தில் அது 1 ஜிபிதான். போனில் 1080பி வீடியோ நிமிடத்துக்கு 100 எம்பியைத் தாண்டிவிடும். நாலைந்து பேர் வீடியோ போட்டாலே முடிந்தது, ஃபார்ம் தானாக மூடிக்கொள்ளும். அந்தக் கேள்வியைத் திறந்தால் கீழே மொத்த அளவும் பக்கத்தில் ‘மாற்று’ என்பதும் இருக்கும். கூட்டிவிட்டு, பதில் ஏற்கும் பொத்தானையும் பாருங்கள். கோப்பு வகையில் ஆடியோ மட்டும் டிக் செய்யுங்கள். 128 கேபிபிஎஸ் ஆடியோ நிமிடத்துக்கு 1 எம்பி அளவுதான், மொத்த வகுப்பும் 120 எம்பிக்குள் அடங்கிவிடும்.

மூத்தவர்:
அடங்கட்டும். ஆனால் வீட்டில் உட்கார்ந்து சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்ததை வாசித்து அனுப்புவது வாய்மொழித் தேர்வா? நேரில் நிறுத்திப் பேசச் சொல்லுங்கள்.

தேவகோட்டை_டீச்சர்:
இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் ஐயா. ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் அறுபது பேருக்கு இரண்டு மணி நேரம். எந்தப் பாடவேளையில் முடியும்? வகுப்பில் எழுந்து நின்றால் வாயே திறக்காத பெண், போனில் நாலு முறை பேசி, அழித்து, மறுபடி பேசி அனுப்புகிறாள். அந்த நாலு முறையில்தான் ஆங்கிலம் வருகிறது.

மூத்தவர்:
நேர்முகத் தேர்வில் அழித்துவிட்டுப் பேச விடுவார்களா?

தேவகோட்டை_டீச்சர்:
விடமாட்டார்கள். அதனால் தலைப்பை மாற்றுகிறேன். ‘என் ஊர்’ என்றால் இயந்திரம் எழுதித் தந்துவிடும். நான் ஆத்தங்குடித் தரை டைல்ஸ் செய்யும் பட்டறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொல்வேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகச் சாயக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மணலும் சிமென்டும் போட்டு, காய்ந்தபின் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். இதை ஆங்கிலத்தில் சொல்லப் போனால் செயப்பாட்டுவினை தானாக வந்து நிற்கும். இலக்கண வகுப்பில் ஒரு வாரம் மல்லுக்கட்டினாலும் வராதது அது. பதிவைக் கேட்டுவிட்டு வகுப்பில் ஒரே ஒரு கேள்வி: ஊற்றியபின் ஏன் அச்சை எடுக்கிறார்கள்? பார்த்தவள் உடைந்த ஆங்கிலத்திலாவது சொல்லிவிடுவாள். வாசித்தவள் முழிப்பாள்.

வளவு:
ஆத்தங்குடியில் போனால் பார்க்க விடுவார்கள், நானே கூட்டிப்போயிருக்கிறேன். சாயம் ஊற்றும்போது கையே நடுங்காது அவர்களுக்கு.

மூத்தவர்:
அந்தக் கேள்வி நல்ல கேள்வி. அதையும் நேரில்தான் கேட்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள்.

காரைக்குடி_ஆங்கிலம்:
திறந்துவிட்டது. ஆடியோ மட்டும் போட்டுவிட்டேன், வரத் தொடங்கிவிட்டது. ஒலிப்பெட்டி சாருக்கு மிக்க நன்றி.

ஒலிப்பெட்டி:
நல்லது சார். உங்கள் கணக்குக்கே இலவசமாக 15 ஜிபிதான், மெயிலும் அதற்குள் அடக்கம். வந்த வீடியோக்களை இறக்கி வைத்துக்கொண்டு, அவை சேர்ந்திருக்கும் உங்கள் கூகுள் டிரைவில் அழித்துவிடுங்கள். டிரைவின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தால்தான் இடம் திரும்பக் கிடைக்கும்.