நிறம் குறைவு எண்டு சம்பந்தம் திரும்பிப் போச்சு, இதுக்குப் பேர் தனிப்பட்ட விருப்பமா?

கடற்காத்து:
போன கிழமை எங்கட சின்னம்மாட மகளுக்கு கனடாவில இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. குறிப்பு பொருந்திச்சு, பிள்ளை டீச்சர், அதுவும் அவைக்குப் பிடிச்சது. போட்டோ போனதுக்குப் பிறகு மூண்டு நாள் ஒரு சத்தமும் இல்லை, பிறகு புரோக்கர் வாட்சப்பில வொய்ஸ் போட்டார், பிள்ளை நல்ல பிள்ளை, நிறம்தான் கொஞ்சம் குறைவு, பெடியனுக்கு மனசுக்கு வரேல்லையாம் எண்டு. சின்னம்மா தெரியாம ஸ்பீக்கரில போட்டுட்டா. பிள்ளை குசினி வாசல்ல தேத்தண்ணிக் கோப்பையோட நிண்டவ, ஒண்டும் சொல்லேல்ல, கோப்பையைக் கழுவிக் கவிட்டு வைச்சிட்டு கொப்பி திருத்தப் போயிட்டா. எல்லாரும் அது அவன்ட தனிப்பட்ட விருப்பம் எண்டுறியள். ஊர்ப் பெடியள் எல்லாருக்கும் ஒரே தனிப்பட்ட விருப்பம் எப்பிடி வருது?

கொட்டியாரத்தான்:
தங்கச்சி, வாசிக்க எனக்கும் மனம் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நாளைக்கு அந்தப் பிள்ளையோட வாழப்போறது அந்தப் பெடியன், நீங்களும் நானும் இல்லை. மனசுக்கு வராத ஒருத்தியை நியாயத்துக்காகக் கட்டினா அந்தப் பிள்ளைதான் ஆயுசுக்கும் அழும். நான் 5 அடி 3 அங்குலம், ரெண்டு இடம் உயரம் காணாது எண்டு விட்டுட்டுப் போனவை, நான் அவையில ஒருநாளும் குற்றம் சொல்லேல்ல. உயரம் கேக்கலாம், நிறம் கேக்கக் கூடாது எண்டா அது என்ன கணக்கு?

கடற்காத்து:
அண்ணை, உங்களுக்கு நடந்ததும் வலிதான், இல்லை எண்டு சொல்லேல்ல. ஆனா நீங்க பிறந்த அண்டைக்கு ஆராவது வந்து உங்கட உயரத்தைப் பாத்துக் கவலைப்பட்டவையா? இந்தப் பிள்ளை பிறந்த நேரம் ஆஸ்பத்திரிக்கு வந்த மாமி காதுமடலைத் திருப்பிப் பாத்திட்டு, காது கறுப்பா இருக்கு, பிள்ளை பிறகு கறுக்கும், இப்பவே கடலைமாப் பூசுங்கோ எண்டவ. பிறந்து ரெண்டு நாள்! அண்டைக்குத் தொடங்கினதுதான் 27 வருசம் கழிச்சு அந்தப் பெடியன்ட மனசாம்.

மருந்துக்கடை அக்கா:
நான் டவுணில ஒரு பாமசியில நிக்கிறன், இதைத் தினமும் காணுறன். கலியாணத்துக்கு ரெண்டு மாசம் இருக்கேக்க வருவினம், அக்கா கெதியா வெளுக்கிற கிரீம் இருக்கா எண்டு. நாங்க குடுக்காட்டி எங்கயோ பேரும் லேபிளும் இல்லாத சின்ன டப்பி ஒண்டை வாங்கிப் பூசுறது. உதுகள் பலதில ஸ்டீரொய்ட் இருக்கும், முதல் மாசம் முகம் பளிச்செண்டு வரும், பிறகு தோல் மெலிஞ்சு வெயில் பட்டாலே எரியும், நிப்பாட்டினா முகம் முழுக்கச் சிவந்து பொரியும். சிலதில பாதரசம், அது கிட்னியைப் பழுதாக்கும் எண்டு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து போட்ட மினமாட்டா ஒப்பந்தத்தில 2020ஓட நிப்பாட்டச் சொன்ன சாமான் இது, இன்னும் ஓடுது. ஒரு பிள்ளை முகத்தைச் சால்வையால மூடிக்கொண்டு வந்து கவுண்டர்ல நிண்டு அழுதது என்னால மறக்கேலாது. விருப்பம் எண்டு லேசாச் சொல்லுறியள், அதுக்குக் காசும் தோலும் குடுக்கிறது ஆர்?

கொட்டியாரத்தான்:
அக்கா, கிரீம் விக்கிறவனைப் பிடிச்சு உள்ள போடுங்கோ, நானும் வாறன். ஆனா வெள்ளை வடிவு எண்டது நேற்று முளைச்சதில்லை. எங்கட ஆக்கள் ஆதியில இருந்தே அப்பிடித்தான்.

செம்மண்:
ஆதியிலயா? இல்லை அண்ணை. சங்கப் பாட்டில பொம்பிளையின்ட வடிவுக்குச் சொல்லுற பேர் மாமை, மாந்தளிர் மாதிரி மினுங்குற நிறம். குறுந்தொகையில காதலனைப் பிரிஞ்சவள், என்ட மாமை அழகைப் பசலை தின்னுது எண்டுதான் ஏங்குறாள். பசலை எண்டா மேனி வெளிறிப் போறது, வெளிறினது அவையளுக்கு நோய். தொல்காப்பியத்தில காட்டுக்குத் தெய்வம் மாயோன், கறுப்பன். பிறகு எங்க மாறிச்சு எண்டா, வயல்ல நிக்கிறவன் கறுப்பு, நிழல்ல இருக்கிறவன் வெள்ளை எண்டு சாதியோட சேர்ந்து படிஞ்சது, அதுக்கு மேல வெள்ளைக்காரன் வந்து எங்கட திருகோணமலை டொக்கியாட்டில, கடற்படைத் துறைமுகத்தில, குந்தினான். தம்பலகாமத்தில வெயில்ல நாத்து நடுற பொம்பிளையைப் பாத்து ஆரும் வடிவு எண்டுறேல்ல, ஆனா உப்புவெளிக் கடற்கரைக்கு வாற வெள்ளைக்காரி அதே வெயில்ல கிடந்து கறுத்தா அது லீவுக்கு வந்த காசுக்காரி. கறுக்கிறது ஒரே வெயில்லதான், நாங்க பாக்கிறது ஆளின்ட நிலையை.

ரொறன்ரோப் பெடியன்:
இதை எழுதவோ வேண்டாமோ எண்டு ரெண்டு நாள் யோசிச்சன். நான் இங்க 9 வருசம். வந்த புதுசில டேட்டிங் அப் ஒண்டில இருந்தன், மாசக்கணக்கா ஆரும் பதில் போடேல்ல, என்னோட வேலை செய்யிற வெள்ளைப் பெடியனுக்குப் போன் நிக்காம அடிக்கும். பிறகு வாசிச்சன், ஓகேகியூபிட் எண்ட டேட்டிங் தளக்காரரே 2014ல தங்கட கணக்கை வெளியில விட்டவை, அமெரிக்காவில கறுப்பினப் பெண்களுக்கும் ஆசிய ஆண்களுக்கும் மற்றவை குடுக்கிற மதிப்பு குறைவு. கேள்வி கேட்டா எனக்கு இனம் பிரச்சினை இல்லை எண்டு பதில் சொல்லுற ஆக்கள் வருசா வருசம் கூடினவை, ஆனா விரல் தட்டுறது மாறேல்ல. எனக்கு விசர் பிடிச்ச கோவம். அதே வருசம் அம்மா ஊரில எனக்குப் பொம்பிளை பாக்கத் தொடங்கினா. நான் சொன்னது என்ன தெரியுமா, வெள்ளைப் பிள்ளையாப் பாருங்கோ எண்டு. நாலு போட்டோவை நானே திருப்பி அனுப்பினனான். அந்த நாலு வீட்டிலயும் ஒரு குசினி வாசல் இருந்திருக்கும் எண்டு இண்டைக்குத்தான் தெரியுது. மன்னிப்புக் கேக்க எனக்கு அவையின்ட பேரும் ஞாபகம் இல்லை.

கொட்டியாரத்தான்:
தம்பி, நீர் உண்மையைச் சொன்னீர், அதுக்கு என்ட மரியாதை. ஆனாலும் கேக்கிறன், இப்ப என்ன செய்யச் சொல்லுறியள்? மனசை ஓடர் போட்டு மாத்தேலுமா? 2020ல கலியாணம் பொருத்துற தளம் ஷாதி டாட் கொம் நிறத்தால தேடுற பில்டரை எடுத்தது, ஃபெயார் அண்ட் லவ்லி கிரீம் பேரை மாத்திச்சு, அதால ஆரின்ட மனசு மாறினது?

செம்மண்:
பேர் மாத்தினதால ஒண்டும் மாறேல்லத்தான், டப்பிக்குள்ள இருக்கிறதும் அதுதானே. ஆனா பில்டர் வேற கதை அண்ணை. மனசுக்கு வாறதோ வராததோ ஆளைக் கண்டு நாலு வார்த்தை கதைச்ச பிறகுதானே தெரியும். அந்தப் பெடியன் பிள்ளையின்ட குரலைக்கூடக் கேக்கேல்ல. காணுறதுக்கு முந்தியே வெட்டுறதை மனசு எண்டு சொல்லாதேங்கோ. ஓடர் போட்டு மாத்தச் சொல்லேல்ல, ஒருக்கால் கதைச்சுப் பாருங்கோ எண்டுதான் சொல்லுறன்.

கொட்டியாரத்தான்:
கதைச்சுப் பாக்காம வேண்டாம் எண்டது பிழைதான், அதை ஒத்துக்கொள்ளுறன். கதைச்ச பிறகும் வரேல்ல எண்டா விட்டுடோணும், அதில நான் மாறமாட்டன்.

கடற்காத்து:
அது எனக்கும் சம்மதம் அண்ணை. நேற்று தங்கச்சியோட புதுப் போட்டோ எடுக்க ஸ்டூடியோவுக்குப் போனன். எடுத்த பெடியன் நாங்க கேக்காமலே கொம்பியூட்டர்ல முகத்தை வெளுப்பாக்கிக்கொண்டு வந்தான், கலியாணப் போட்டோ தானே அக்கா எண்டான். நானும் பாத்துக்கொண்டுதான் நிண்டன், வாய் வரேல்ல. அவதான் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு இருந்து, தம்பி அதைத் திருப்பி எடும், இன்னும், இன்னும் எண்டு முதல் இருந்த இடத்துக்கே கொண்டுவரப் பண்ணினவ. கழுத்தில இருக்கிற மச்சம் அப்பதான் திரும்பித் தெரிஞ்சுது. இனி எங்க போனாலும் இந்தப் போட்டோதான் போகும் எண்டு சின்னம்மாட்டச் சொல்லிட்டா.