பிரேக்ஷ்யா ஷா: பலியாளா, பங்காளியா? நேபாள மன்னர் மகேந்திரரின் கடைசி மருமகளைப் பற்றி ஒரு விவாதம்

கொற்றவை:
நேபாள அரச குடும்பம் என்றதும் எல்லோரும் அரண்மனை விருந்தில் மன்னர் குடும்பத்தைச் சுட்டுக் கொன்ற 2001 ஜூன் 1ஆம் தேதி இரவுக்கு ஓடிவிடுகிறார்கள். யார் சுட்டது, எதற்குச் சுட்டது என்று இருபது வருடத்துக்கு மேலாக அரைத்த மாவையே அரைக்கிறோம். நான் பேச வருவது அந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன ஒரு பெண்ணைப் பற்றி.

ராணா வம்சத்தைச் சேர்ந்த கேந்திர ஷம்ஷேரின் மூத்த மகள் ஐஸ்வர்யா, 1970 பிப்ரவரியில் பட்டத்து இளவரசர் பிரேந்திராவை மணந்தார். அதே வருடம் மே மாதம் அடுத்த மகள் கோமல், பிரேந்திராவின் தம்பி ஞானேந்திராவை மணந்தார். 1973இல் இவர்களின் தங்கை பிரேக்ஷ்யா, கடைசித் தம்பி தீரேந்திராவை மணந்தார். அதற்குள் மாமனார் மன்னர் மகேந்திரர் காலமாகி பிரேந்திரா மன்னராகிவிட்டார். பிறந்த வீட்டு அக்காவே புகுந்த வீட்டில் மூத்த ஓரகத்தி, அவரே நாட்டுக்கு மகாராணி. கணவனோடு மனக்கசப்பு வந்தால் இந்தப் பெண் யாரிடம் போய் அழுவார்?

மனக்கசப்பும் வந்தது. தீரேந்திரா 1980களின் இறுதியில் இளவரசர் பட்டத்தை இழந்தார், ஒரு வெளிநாட்டுப் பெண்ணோடு வாழப் போனார். மணமுறிவு ஆனது. அக்கா இருவரும் அரசி ஆனார்கள். இவர் வரலாற்றில் அடிக்குறிப்பாகக்கூட இல்லை. மூவரில் அதிகம் வஞ்சிக்கப்பட்டவர் பிரேக்ஷ்யாதான் என்பது என் கட்சி.

எதிர்க்கரை:
அழுவதற்கு ஆள் இல்லையாம்! கட்சிகளைத் தடை செய்துவிட்டு மன்னரே ஆண்ட பஞ்சாயத்து ஆட்சிக் காலத்தில் காத்மாண்டுவில் அழ ஆள் இல்லாதவர்கள் வேறு எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களைப் பற்றி ஒரு வரி எழுதினீர்களா?

தீரேந்திரா வெறும் ஓடிப்போன கணவர் அல்லர். 'விமர்ஷ' வார இதழின் ஆசிரியர் பதம் தாகுராத்தி அரண்மனைக்குப் பிடிக்காததை எழுதினார். 1986இல் அவரை வீட்டுக்குள் வைத்தே சுட்டார்கள். உயிர் பிழைத்தார், ஒரு கண் போயிற்று. அந்த வழக்கில் சிறை சென்ற பரத் குருங் யார்? தீரேந்திராவின் மெய்க்காவல் அதிகாரியாக இருந்த ராணுவத்தார். அரண்மனையைச் சுற்றி ஒரு 'நிழல் கும்பல்' இயங்குகிறது என்று ஊரே பேசிய காலம் அது. பிரேக்ஷ்யா அந்த வீட்டு இளவரசி. அந்த வீட்டின் உப்பைத் தின்றவர். கண்ணை இழந்தவரை விட்டுவிட்டு இவருக்காகக் கண்ணீர் விடுவதில் என்ன நியாயம்?

கொற்றவை:
கணவனின் மெய்க்காவலன் செய்ததற்கு மனைவியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். இவர் மீது எந்த வழக்கிலாவது ஒரு சொல் உண்டா? உப்பைத் தின்றார் என்பதே குற்றமென்றால் அந்த அரண்மனையில் சமையற்காரர் முதல் எல்லோரும் குற்றவாளிகள்.

பழைய கோப்பு:
இரண்டு பேருமே ஆளைப் பார்க்கிறீர்கள், அமைப்பைப் பார்க்க மறுக்கிறீர்கள்.

அரியணையில் இருந்த ஷா குடும்பமும் ராணா குடும்பமும் கொண்டான் கொடுத்தான் ஆனது நேற்று இன்று அல்ல. 1846இல் கோட் படுகொலைக்குப் பிறகு ஜங் பகதூர் ஆட்சியைக் கைப்பற்றினார். அரசரைப் பொம்மையாக வைத்துக்கொண்டு தன் பெண்களை அரச வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தார். 1951இல் ராணாக்களின் ஆட்சி போனது, சம்பந்தம் மட்டும் போகவில்லை. மகேந்திரரே இந்திரா என்ற ராணா பெண்ணை மணந்து, அவர் 1950இல் இறந்தபின் அவருடைய தங்கை ரத்னாவை 1952இல் மணந்தவர். ஆக, மூன்று அக்கா தங்கைகளை ஒரே வீட்டில் கொடுத்ததில் அந்த ஊர் மேட்டுக்குடிக்கு வியப்பே இல்லை. ராணாவுக்கு அரண்மனையில் ஒரு கால், அரண்மனைக்குப் படையிலும் நிலத்திலும் ஒரு பிடி.

இந்த ஏற்பாட்டில் பெண்ணுக்கு என்ன கிடைத்தது? 1963இல் வந்த புதிய 'முலுகி ஐன்' என்ற நாட்டுச் சட்டத்தொகுப்பு பலதார மணத்தைத் தடை செய்தது; ஆனால் விதிவிலக்குகளையும் கையோடு வைத்திருந்தது. மகளுக்குத் தகப்பன் சொத்தில் பங்கு வேண்டுமென்றால் 35 வயதுவரை மணமாகாமல் இருக்க வேண்டும் என்ற நிலை 2002 திருத்தம் வரை நீடித்தது. 1990 அரசமைப்பிலும் அரியணை ஆண் வாரிசுக்குத்தான். தீரேந்திரா தம்பதிக்குப் பிறந்ததோ மூன்று பெண்கள். இளவரசி என்ற பட்டத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் சட்டத்தின் முன் அவர் நிலை ஒரு சாதாரண நேபாளப் பெண்ணின் நிலைதான்.

எதிர்க்கரை:
பட்டத்தை எடுத்துவிட்டுப் பார்ப்பதாம்! பட்டத்தை எடுத்துவிட்டால் அவரைப் பற்றிப் பேச இங்கே யார் வருவார்கள்? சாதாரண நேபாளப் பெண் மணமுறிவு பெற்றால் பிறந்த வீட்டுத் திண்ணையில் இடம் கிடைக்குமா என்று பார்ப்பார். இவருக்கு அந்தக் கவலை இருந்ததா?

இன்னொன்று. இந்த மணமுறிவு எப்போது நடந்தது? 1990 மக்கள் எழுச்சியில் பஞ்சாயத்து முறை சரிந்து, மன்னர் அரசமைப்புக்குக் கட்டுப்பட்டவராக ஆன பிறகு. கப்பல் மூழ்கும்போது இறங்கியதை வீரம் என்று எழுதாதீர்கள்.

சித்தன்வாக்கு:
இதில் விவாதத்துக்கே இடமில்லை நண்பர்களே. நேபாளத்தை ஒன்றிணைத்த முதல் ஷா மன்னர் பிருத்வி நாராயண் ஷாவுக்கு கோரக்நாத் முனிவர் தயிர் கொடுத்தார். அரசர் அதை வாயில் வாங்காமல் காலில் சிந்திவிட்டார். பத்துத் தலைமுறைதான் உன் வம்சம் ஆளும் என்று முனிவர் சொல்லிவிட்டார். அந்தச் சாபம் வீட்டுக்கு வந்த மருமகள்களையும் விடவில்லை.

பழைய கோப்பு:
கொஞ்சம் விரல் விட்டு எண்ணுங்கள் ஐயா. பிருத்வி நாராயண், பிரதாப் சிங், ரண பகதூர், கீர்வாண யுத்த, ராஜேந்திர, சுரேந்திர. அடுத்த தலைமுறை திரைலோக்கியர், அப்பாவுக்கு முன்பே இறந்ததால் அரியணை ஏறவில்லை. பிறகு பிருத்வி வீர, திரிபுவன், மகேந்திர, பிரேந்திர. தலைமுறை என்றால் பிரேந்திரா பதினொன்று. அரசர்கள் என்றால் பத்து; ஆனால் அப்போதும் 1950இல் மூன்று வயதில் முடிசூட்டப்பட்ட ஞானேந்திராவை மறைத்துவைக்க வேண்டும். வசதிக்கு ஏற்ப எண்ணுகிற சாபத்தை விவாதத்துக்குள் கொண்டுவராதீர்கள்.

கொற்றவை:
சாபத்தைத் தள்ளிவிட்டு நடந்ததைப் பாருங்கள். ஜூன் 1 விருந்தில் மூத்த அக்கா ஐஸ்வர்யா கொல்லப்பட்டார். முகம் அவ்வளவு சிதைந்திருந்ததால் இறுதி ஊர்வலத்தில் ஒரு பொம்மை முகத்தை வைத்து மறைத்தார்கள் என்று அப்போதே செய்தி வந்தது. இரண்டாவது அக்கா கோமல் குண்டடிபட்டுப் பிழைத்தார். மருத்துவமனையில் இருக்கும்போதே அரசியானார். பட்டமே இல்லாத தீரேந்திராவும் அந்த விருந்துக்குப் போயிருந்தார், அவரும் இறந்தார். நவம்பர் 12ஆம் தேதி பிரேக்ஷ்யா சென்ற ஹெலிகாப்டர் ராரா ஏரியில் விழுந்தது. ஐந்தரை மாதத்துக்குள் அவருடைய மூன்று மகள்களுக்கும் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை.

நாராயணஹிட்டி அரண்மனை இப்போது அருங்காட்சியகம். படுகொலை நடந்த திரிபுவன் சதன் கட்டடத்தைப் பிறகு இடித்தார்கள், அடித்தளம் மட்டும் மிஞ்சியது. யார் எந்த இடத்தில் விழுந்தார்கள் என்று பலகை நட்டிருக்கிறார்கள். பார்வையாளர்கள் அங்கே கூடி நிற்கிறார்கள். பிரேக்ஷ்யா அந்த இரவில் சாகவில்லை, ஆகவே அவருக்குப் பலகையும் இல்லை, கூட்டமும் இல்லை. அவர் இறந்து இரண்டே வாரத்தில் மாவோயிஸ்ட் தாக்குதல்களைத் தொடர்ந்து நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, செய்தியும் மறைந்துவிட்டது.

எதிர்க்கரை:
ராரா என்று நீங்களே எடுத்துக்கொடுத்தீர்கள், நன்றி. ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில் இருக்கிற நேபாளத்தின் மிகப் பெரிய ஏரி. மகேந்திரர் அதன் அழகைக் கவிதையில் பாடியிருக்கிறார். 1976இல் அங்கே தேசியப் பூங்கா அமைத்தார்கள். அதற்காக ஏரிக்கரையில் இருந்த ராரா, சாப்ரு என்ற இரண்டு ஊர்களைக் கிளப்பி, மலைக் குளிரில் பிறந்து வளர்ந்த மக்களைத் தராய் சமவெளியின் வெக்கையில் கொண்டுபோய் விட்டார்கள். அப்போது அரண்மனையில் இளவரசியாக இருந்தவர் யார்? அந்த ஊர்க்காரர்களுக்கு எந்த அருங்காட்சியகத்தில் பலகை வைத்திருக்கிறார்கள்?

கொற்றவை:
வைக்கவில்லை, வைக்க வேண்டும். அதற்காக இவரை மறக்க வேண்டும் என்பது எப்படி நியாயம்? மூன்று பெண்களோடு தனியாக நின்றவர், அக்கா மகாராணியாக இருந்தபோதே அந்த மணவாழ்க்கையிலிருந்து வெளியே வந்தவர். 1990இல் மன்னருக்கு அதிகாரம் குறைந்ததே தவிர, அந்தக் குடும்பத்தில் அக்காவின் வாக்குக்கு எதிர்வாக்கு இருந்ததாக யாரும் சொன்னதில்லை. பத்து வருடம் கழித்துக்கூட, ஐஸ்வர்யாவின் மகன் தீபேந்திரா தேவயானி ராணாவை மணக்க விரும்பியபோது அம்மா சம்மதிக்கவில்லை என்று உலகமே பேசியது. மூழ்கும் கப்பல் என்கிறீர்கள். ஐஸ்வர்யா இருந்தவரை அந்த வீட்டுக்குள் எதுவும் மூழ்கவில்லை.

எதிர்க்கரை:
அப்படியானால் அவரை வஞ்சித்தது அக்காவா, அரண்மனையா, சட்டமா? முதல் பதிவில் ஒன்று, இப்போது வேறொன்று. அதை முதலில் முடிவு செய்துகொண்டு வாருங்கள், பேசுவோம்.

பழைய கோப்பு:
மூன்றும்தான். மூன்று பெண்களையும் கொடுத்த தகப்பன் கேந்திர ஷம்ஷேரை விட்டுவிட்டீர்கள்.