வயதான நாய்க்கு மதிப்பெண் போட்டுப் பார்த்தவர்கள் உண்டா?

ராக்கி அப்பா:
வயதான, நோயுற்ற நாய் எவ்வளவு நலமாக வாழ்கிறது என்று வீட்டிலேயே மதிப்பெண் போட்டுப் பார்க்கும் ஏழு கேள்வித் தாள் இருக்கிறதே, அதைத்தான் போட்டோம். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை. நான் கூட்டினால் 41, மனைவி கூட்டினால் 29. ஒரே நாய்! வாலாட்டுகிறானே என்று மகிழ்ச்சிக்கு எட்டு போட்டிருந்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை, என் கையை எடுத்து அவன் பின்தொடையில் வைத்தாள். வால் ஆடிக்கொண்டிருக்கும்போதே தொடை வெடவெடவென்று நடுங்கியது. யார் எண்ணை நம்புவது?

மீனுக்குட்டி வீடு:
எண்ணையே நம்பாதீர்கள். எங்களுடையவளுக்கு இதய நோய். கூட்டினால் எப்போதும் 40-க்கு மேல்தான், 35 தாண்டினால் போதும் என்பார்கள். ஆனால் ராத்திரி படுக்கவே மாட்டாள். முன்னங்கால் முட்டியை அகட்டி, கழுத்தை நீட்டி, உட்கார்ந்தபடியே தூங்குவாள். தலை சரியும், திடுக்கிட்டு நிமிர்வாள், மறுபடி சரியும். மூச்சு முட்டுகிறவளுக்கு சாப்பாட்டில் பத்துக்குப் பத்து வந்து என்ன?

பழைய உறுப்பினர்:
மேலே சொன்னவர் தாளைச் சரியாகப் படிக்கவில்லை. 2004-ல் அதை வகுத்த ஆலிஸ் வில்லலோபோஸ் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர். வலி என்ற முதல் தலைப்பிலேயே மூச்சையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார். எங்கள் கிழவனுக்கு மூட்டுவாதம், எழும்போது ஒருமுறைகூட முனகியதில்லை, முன்னங்கால் மணிக்கட்டை மட்டும் நக்கி நக்கி முடியே போய்விட்டது. அவ்வளவுதான் என் கதை. வலித்தால் நாய் கத்தும் என்று காத்திருக்காதீர்கள். அப்புறம், அசந்து தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள், நிமிடத்துக்கு 30-க்கு மேலேயே நின்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள். ஈறைத் தொட்டுப் பாருங்கள், வழவழப்பு போய் ஒட்டினால் தண்ணீர் போதவில்லை. வழுக்குகிற தரையில் ரப்பர் பாய் விரியுங்கள். காலண்டரில் நல்ல நாள், கெட்ட நாள் குறித்து வையுங்கள், ஞாபகத்தை நம்ப வேண்டாம். நாம் போடும் ஐபுப்ரோஃபென், பாரசிட்டமால் எதையும் நீங்களாகக் கொடுக்கக் கூடாது, நாய்க்கு அவை விஷமாகலாம். நகத்தையும் வெட்டி விடுங்கள், நீண்ட நகத்தோடு நடந்தால் மூட்டு இன்னும் வலிக்கும்.

ஜிம்மியின் ஆள்:
நகம் பற்றி யாரும் கேட்கவில்லையே சார். சரி, எங்கள் வீட்டில் உடம்பு பரவாயில்லை, மூளைதான் தளர்ந்துவிட்டது. வெளியே போக வேண்டுமென்றால் கதவின் கீல் பக்கம் போய் மூக்கை வைத்துக்கொண்டு நிற்பான். அந்தப் பக்கம் திறக்காது என்பது மறந்துவிட்டது. நான் கதவைத் திறந்தாலும் அங்கேயே நிற்பான். ஒருநாள் ராத்திரி கழுத்தைத் தொட்டுத் திருப்பினேன், யாரோ அந்நியன் என்று பல்லைக் காட்டினான். காலையில் அவனே வந்து மடியில் தலை வைக்கிறான். அந்தத் தாளில் மகிழ்ச்சிக்கு ஒரு கட்டம்தான் இருக்கிறது. நான் நடுவில் கோடு போட்டு, பகலுக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று என்று எழுதுகிறேன். டாக்டர் இப்போது ராத்திரிக் கணக்கைத்தான் முதலில் கேட்கிறார்.