ஜப்பானிய 'தே இரு': நடந்துகொண்டிருக்கிறதா, நடந்துவிட்டதா?

தேன்சிட்டு:
ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் என்4 நிலைக்குப் படிக்கிறேன். வினையோடு 'தே இரு' சேர்ந்தால் செயல் நடந்துகொண்டிருக்கிறது என்று பாடத்தில் இருக்கிறது. 'தாபேதே இரு' என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். சரி. ஆனால் 'ஷிந்தே இரு' என்றால் செத்துக்கொண்டிருப்பது இல்லையாம், செத்துக் கிடப்பதாம். அப்போ 'தோக்யோ நி இத்தே இரு' என்றால் ஆள் வழியில் இருக்கிறாரா, போய்ச் சேர்ந்துவிட்டாரா? இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

குறில்நெடில்:
ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுப்பவள் நான். இந்த இடத்தில் நம் பிள்ளைகள் ஆங்கில விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு திணறுவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. தமிழிலேயே யோசியுங்கள். நம்மிடம் 'விழுந்துகொண்டிருக்கிறது', 'விழுந்திருக்கிறது' என்று இரண்டு இருக்கின்றன. ஜப்பானியத்தில் இரண்டுக்கும் ஒரே 'தே இரு'.

எது எப்போது என்பதை வினையின் தன்மைதான் பெரும்பாலும் முடிவு செய்யும். ஜப்பானிய மொழியியலாளர் கிந்தாயிச்சி ஹாருஹிகோ 1950-இல் வினைகளை இந்த அடிப்படையில்தான் நான்காகப் பிரித்தார். சாப்பிடுவது, ஓடுவது மாதிரி நேரம் பிடிக்கும் வினை என்றால் 'கொண்டிரு'. சாவது, விழுவது மாதிரி ஒரு கணத்தில் முடிகிற வினை என்றால் தமிழில் வெறும் 'இரு'. 'இகு', அதாவது போவது, இந்த இரண்டாம் வகை. அதனால் உங்கள் வாக்கியத்தின் பொருள் 'தோக்யோவுக்குப் போயிருக்கிறார்'. இன்னொரு வகை 'அரு' (இருப்பது) போன்றவை. அவை 'தே இரு'வை ஏற்பதே இல்லை. நான்காம் வகை எப்போதும் 'தே இரு'வோடுதான் வரும். 'ச்சிச்சி நி நிதே இரு': அப்பாவை உரித்து வைத்திருக்கிறான்.

சில வினைகள் இரண்டு பக்கமும் போகும். 'கிமோனோ ஓ கிதே இரு' என்றால் கிமோனோ உடுத்தியிருக்கிறாள். அதையே 'இமா' (இப்போது), 'அந்த அறையில்' என்றெல்லாம் சேர்த்துச் சொன்னால் உடுத்திக்கொண்டிருக்கிறாள் என்றும் ஆகும். எனக்கு ரொம்பப் பிடித்தது 'சகுரா கா ச்சித்தே இரு'. சகுரா என்பது செர்ரிப் பூ. இதழ்கள் கண்ணெதிரே உதிர்கின்றனவா, உதிர்ந்து தரையில் கிடக்கின்றனவா? பொதுவழக்கில் இரண்டும்தான். ஆனால் ஷிகோகு, க்யூஷு உள்ளிட்ட மேற்குப் பகுதிகளின் பல வட்டார வழக்குகளில் உதிர்ந்துகொண்டிருந்தால் 'ச்சிரியோரு', உதிர்ந்து கிடந்தால் 'ச்சித்தோரு'. நம்மைப் போலவே தனித்தனி வடிவம்!

இன்னொன்று, 'க்யோனென் யோந்தே இரு' என்று வந்தால் குழம்பாதீர்கள். படிப்பது நேரம் பிடிக்கும் வினைதான், ஆனால் 'போன வருஷம்' என்ற சொல் வந்துவிட்டதே. போன வருஷமே படித்திருக்கிறேன் என்று பொருள்.

நிலாமுற்றம்:
எதிர்மறையில் மட்டும் தமிழை நம்பிவிடாதீர்கள். 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்டால் நாம் 'இன்னும் சாப்பிடவில்லை' என்போம். அதை இறந்தகாலம் என்று நினைத்து 'மாதா தாபேமாசென் தேஷிதா' என்று சொல்லக் கூடாது. 'மாதா தாபேதே இமாசென்'தான் சரி.

தேன்சிட்டு:
இருவருக்கும் நன்றி. 'போயிருக்கிறார்' என்றதும் விளங்கிவிட்டது. அந்த 'இரு'வும் நம் 'இரு'வும் ஒன்றா? ஜப்பானிய மொழியியலாளர் ஓனோ சுசுமு தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்றாரே.

குறில்நெடில்:
சொன்னார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. ஜப்பானிய 'இரு'வின் பழைய வடிவம் 'விரு', பொருள் 'உட்கார்'. ஒலி ஒத்துப்போவதை நினைவில் வைக்கப் பயன்படுத்துங்கள், உறவுக்குச் சான்றாக வேண்டாம். 'தே இரு' பிடிபட்டதும் அடுத்து 'தே அரு' பாருங்கள்: 'மாதோ கா ஐதே இரு' என்றால் ஜன்னல் திறந்திருக்கிறது, 'மாதோ கா அகேதே அரு' என்றால் யாரோ ஒரு காரணத்தோடு திறந்து வைத்திருக்கிறார்கள்.