புதுப்பிப்பு: மைனஸ் எண்கள் உள்ள தரவுக்குப் போக்குக்கோடு – தீர்வு கிடைத்தது

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு வயல் கிணற்றின் நீர்மட்டத்துக்கு அடுக்குக்குறிப் போக்குக்கோடு (exponential trendline; ஒரே விகிதத்தில் கூடும் அல்லது குறையும் போக்கைக் காட்டும் வளைவு) போட எக்செல் மறுக்கிறது என்று கேட்டிருந்தேன். கடல்மட்டத்தைச் சுழியமாக வைத்த அளவுகள்; கோடையில் மைனஸில் போகும். உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

அந்தக் கோடு எண்களின் மடக்கை (logarithm) எடுத்துக் கணக்கிடப்படுகிறது. சுழியத்துக்கும் மைனஸுக்கும் மடக்கை கிடையாது. எல்லா எண்ணோடும் 10 கூட்டச் சொன்ன யோசனையில் கோடு வந்தது. ஆனால் 20 கூட்டினால் வளைவே மாறிவிடுகிறது, அதை எப்படி நம்புவது? பலித்தது, தரையிலிருந்து ஆழமாக மாற்றச் சொன்னவரின் வழிதான். தரையின் உயரத்திலிருந்து நீர்மட்டத்தைக் கழித்தேன்: தரை 3 மீட்டர், நீர்மட்டம் -2.4 என்றால் ஆழம் 5.4. எல்லாம் நேர் எண்கள். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தபின் ஆழம் சுழியத்தை நோக்கிக் குறைவதால் வளைவுக்குப் பொருளும் இருக்கிறது.

எதிர்பாராதது ஒன்று. சில எண்கள் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றன. வேறு ஆவணத்திலிருந்து எடுத்து ஒட்டியதில் மைனஸ் குறிக்குப் பதில் நீண்ட கோடு வந்து, எக்செல் அவற்றை எழுத்தாகவே எடுத்திருந்தது. குறியை மாற்றியதும் சரியாயிற்று.

அடுக்குக்குறிக் கோட்டின் ஆர்-ஸ்கொயர் (கோடு தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண்) மடக்கை மதிப்புகளுக்கு உரியது; நேர்கோட்டினுடையதோடு ஒப்பிடக் கூடாது. மைனஸோடே வரைய விரும்புபவர்களுக்கு நேர்கோடும் பல்லுறுப்புக் கோடும் (polynomial) தடையில்லாமல் வரும்.